சுருளின் நிறம் சொல்லும் சேதி

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் வீட்டின் முன்பக்கத்திலேயே ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்களைப் பார்க்கலாம். ஷாஃப்ட், புஷ், புல்லி என்று சின்ன வேலைகள் சிரமமில்லாமல் நடக்கும். இரண்டு அங்குல எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டோ, தொடை கனத்துக்கு ஒரு ஈ.என்.8 கார்பன் எஃகு ராடோ வந்து இறங்கும்போதுதான் தயக்கம் வருகிறது. "நம்ம மெஷின் தாங்காதுங்க" என்று வேலையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மெஷினின் பலம் குறைவு என்பது உண்மைதான். ஆனால், கனத்த இரும்பு சின்னப் பட்டறையைத் தோற்கடிப்பது பெரும்பாலும் சூட்டை வைத்துத்தான்.

டூல் இரும்பைப் பிளப்பதாகத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. சீட்டுக்கட்டை ஓரத்தில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குமே, அப்படித்தான் டூல் முனைக்கு முன்னால் இருக்கும் உலோகம் மெல்லிய அடுக்குகளாகச் சரிந்து சுருளாக வெளியேறுகிறது. இதற்குச் செலவாகும் சக்தி கிட்டத்தட்ட முழுவதும் சூடாகிவிடுகிறது. நல்ல வேகத்தில் வெட்டும்போது அதில் பெரும்பங்கைச் சுருளே சுமந்துகொண்டு போய்விடும். மிச்சம் டூல் முனையில் ஏறுகிறது. சுருள் வைக்கோல் நிறத்தில் வந்தால் அது ஏறத்தாழ 220 டிகிரி சூட்டைக் கண்டிருக்கிறது. நீலமாக வந்தால் 300 டிகிரி. கார்பைட் டூலுக்கு நீலச் சுருள் ஒரு பொருட்டே இல்லை. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் சுருள் நீலமானால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். சுருளைவிட டூல் முனை இன்னும் சூடாக இருக்கும். 600 டிகிரியை ஒட்டி எச்.எஸ்.எஸ். தன் கடினத்தை இழக்கத் தொடங்கும்.

சூட்டுக்கும் வெட்டும் வேகத்துக்கும் உள்ள கணக்கைப் பிடித்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர். 1880-ல் மிட்வேல் எஃகு ஆலையில் ஆரம்பித்த சோதனைகளை 26 ஆண்டுகள் நடத்தினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். சுருளாகிப் போன இரும்பு மட்டும் 8 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 360 டன்! வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாகக் கொட்டினால் 40 சதவீதம் வரை வேகம் கூட்டலாம் என்று கண்டார். துருப்பிடிக்காமலிருக்க அந்தத் தண்ணீரில் சோடா கலந்தார்கள். இன்றைய கூலன்ட்டின் பாட்டன் அதுதான்.

அவருடைய இன்னொரு முடிவு நம் பட்டறைகளுக்கு நேரடியாக உதவும். வேகம் சற்றே கூடினாலும் டூலின் ஆயுள் பல மடங்கு குறைகிறது. எச்.எஸ்.எஸ். டூலில் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆயுள் கால்வாசிக்கு இறங்கிவிடும். எம்.எஸ். இரும்புக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் நல்ல வெட்டு வேகம். இதன்படி 10 மி.மீ. டிரில் பிட்டுக்கு 800 ஆர்.பி.எம்.; 25 மி.மீ. பிட்டுக்கு 320; 100 மி.மீ. ராடை லேத்தில் கடைய 80 போதும். பெரிய பிட்டை மாட்டிவிட்டுச் சின்ன பிட்டின் வேகத்திலேயே ஓட்டுவதால்தான் பிட் கருகுகிறது. வேகத்தைக் குறைத்தவர்கள் பயந்துபோய் ஃபீடையும் (டூலை முன்னே செலுத்தும் அளவையும்) குறைத்துவிடுவது இன்னொரு தவறு. அப்போது முனை வெட்டாமல் தேய்க்கும். தேய்த்தால் மறுபடியும் சூடுதான். வேகம் குறைவாக, அழுத்தம் திடமாக இருக்க வேண்டும்.

தடித்த பிளேட்டைத் துண்டாக்க கேஸ் கட்டிங்தான் சுலபம். அங்கே இரும்பை உருக்கி அறுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சுமார் 900 டிகிரிக்குச் சூடேற்றி ஆக்சிஜனைப் பீய்ச்சினால் இரும்பே எரிகிறது. அது எரியும் சூடுதான் அடுத்த அடுக்கையும் எரிய வைக்கிறது. நாலங்குலக் கனத்தைக்கூட கையில் டார்ச்சைப் பிடித்து அறுக்க முடிவது இதனால்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இது பலிக்காது. குரோமியம் ஆக்சைடு உருகாமல் மேலே போர்த்திக்கொண்டு ஆக்சிஜனை உள்ளே விடாது.

கேஸில் அறுத்த ஈ.என்.8 துண்டை லேத்தில் ஏற்றும்போது கவனம் வேண்டும். அதில் கார்பன் 0.4 சதவீதம் உண்டு. சிவக்கக் காய்ந்த விளிம்பின் சூட்டைப் பக்கத்திலிருக்கும் குளிர்ந்த இரும்பு சட்டென்று உறிஞ்சிவிடுவதால், தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல விளிம்பு இறுகிக் கெட்டிப்பட்டுவிடுகிறது. முதல் வெட்டை மேலாகச் சீவினால் டூல் அந்தத் தோலிலேயே ஓடித் தேயும். தோலுக்குக் கீழே முனை இறங்கும்படி ஆழமாக எடுக்க வேண்டும். அதற்குத் தோதாக அறுக்கும்போதே 3 மி.மீ. கூடுதலாக விட்டுவிடுவது நல்லது.

கையுறை பற்றியும் சொல்ல வேண்டும். கேஸ் கட்டிங்குக்கு அது கட்டாயம். சுற்றும் லேத், டிரில்லிங் மெஷின் அருகே கூடவே கூடாது. சுருள் அதைப் பற்றி இழுத்தால் கையும் சேர்ந்து போகும்.

பட்டறையில் பணம் போட நினைப்பவர்கள் பெரிய மோட்டாருக்கு அலைகிறார்கள். மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியைப் பொருத்தி வேகத்தைக் குறைத்தால் போதும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். அதில் வேகம் குறையக் குறைய மோட்டார் தரும் குதிரைத்திறனும் குறைந்துவிடும். புல்லி மாற்றியோ பேக் கியர் போட்டோ வேகத்தைக் குறைத்தால், அதே மோட்டாரிலிருந்து ஸ்பிண்டிலுக்குக் கிடைக்கும் முறுக்குவிசை அந்த அளவுக்குக் கூடும். இருக்கும் மோட்டாருக்கு இன்னொரு ஸ்டெப் புல்லியும், டூல் முனையில் விடாமல் ஊற்றும் ஒரு கூலன்ட் பம்பும் முதலில் வாங்குங்கள். திருப்பி அனுப்பும் வேலைகளில் பலவற்றை அந்த மெஷினே முடித்துத் தரும்.