உங்களுக்குத் தெரியுமா? உப்பு, கவலை, நிர்ப்பீடனம்

● யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஆனையிறவு வந்துவிட்டதை உப்புப் பாத்திகளே சொல்லிவிடும். போரில் பல வருடங்கள் முடங்கிக் கிடந்த உப்பளம். 2025 மார்ச்சில் மேசை உப்பு ஆலையும் திறந்தாயிற்று. உப்புக் கூடினால் இரத்த அழுத்தம் ஏறும் என்பது ஊரறிந்த கதை. கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்களையும் அது சோர வைக்கும் என்று 2020இல் ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுகதேகிகளுக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேலதிகமாக நாளுக்கு 6 கிராம் உப்பு, ஒரு வாரம். பிறகு குருதி எடுத்துப் பார்த்தால், நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் பக்டீரியாவைக் கொல்வதில் பின்தங்கியிருந்தன.

இதில் நேரடிக் குற்றவாளி உப்பு அல்ல, ஓமோன். மிகுதி உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றப் பாடுபடும்போது உடம்பில் குளுக்கோகோர்ட்டிகொயிட் ஓமோன்கள் கூடுகின்றன. கோர்ட்டிசோல் அந்தக் குடும்பம்தான். நிர்ப்பீடனத்துக்குக் கடிவாளம் போடுவது அதன் தொழில். வேடிக்கை என்னவென்றால், தோலில் சேரும் உப்பு அங்கே கிருமியை எதிர்க்கத் துணைபோகிறது என்று 2015இல் வேறோர் ஆய்வு சொல்லியிருந்தது. அதை நம்பி மோர்மிளகாயை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம்! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். கருவாடும் ஊறுகாயும் அதற்குள்தான் அடக்கம்.

● தொய்வுக்காரருக்கு முட்டு விடியப்புறம் கூடுவது ஏன்? கோர்ட்டிசோல் நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்கு இறங்கிவிடுவது ஒரு காரணம். காலையில் அது உச்சத்துக்கு வரும். கோர்ட்டிசோலைப் போல வேலை செய்யும் பிறெட்னிசொலோன் குளிசையைக் காலையில் போடச் சொல்வதும் இந்த ஒழுங்கைக் குழப்பாமல் இருக்கத்தான். நெடுநாள் போட்ட குளிசையைச் சடுதியாக நிறுத்தினால் ஆபத்து: கோர்ட்டிசோலைச் சுரக்கும் அதிரீனல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும்.

● 1975. அமெரிக்காவின் றொச்செஸ்டரில் ஆய்வாளர்கள் றொபர்ட் ஏடரும் நிக்கலஸ் கோகனும் எலிகளுக்குச் சக்கரீன் தண்ணீர் பருக்கி, கூடவே நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தை ஏற்றினார்கள். பின்னர் மருந்தில்லாமல் வெறும் இனிப்புத் தண்ணீர் கொடுத்தபோதும் பிறபொருளெதிரிகள் குறைந்தன. மூளை பழகிய பாடத்தை நிர்ப்பீடனமும் படித்துவிட்டது.

● மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையில் சிறு காயம் உண்டாக்கிக் கவனித்தார்கள் ஒகாயோ ஆய்வாளர்கள் (1995). அந்தச் சுமை இல்லாத பெண்களைவிட இவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாக எடுத்தது. வீட்டில் படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பவரையும் வைத்தியர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

● போர் ஓய்ந்த 2009இலேயே யாழ் மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பில் 7 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. மனத்தோடு நிற்கிற விடயமா இது? சுவீடனில் நெருக்கீடு சார்ந்த நோயுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்ததில், உடம்பு தன்னையே தாக்கும் நோய்கள் மற்றவர்களைவிட அவர்களுக்கு மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடுதலாக வந்திருந்தன (2018). இது தொடர்புதான், காரணம் என்று அறுதியிட இன்னும் ஆதாரம் வேண்டும்.

● மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் அழற்சி தணியும் என்று 2000இல் ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு எலிகளில் கண்டது. 2025 ஜூலையில், ருமாட்டொயிட் மூட்டுவாதத்துக்காக அந்த நரம்பின்மேல் கழுத்தில் பொருத்தும் சிறு கருவிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது வேலை செய்வது நாளுக்கு ஒரு நிமிடம்.