மனை விற்கிறது, பஸ் வரவில்லை

தூத்துக்குடி கிழக்கே வளர முடியாது, அங்கே கடல். வடக்கிலும் தெற்கிலும் உப்பளம், தெற்கே கூடுதலாகத் துறைமுகமும் அனல்மின் நிலையமும். மிச்சமிருப்பது மேற்குதான். எட்டயபுரம் சாலை, பாளையங்கோட்டை சாலை என்று மனை பிரித்து மனை பிரித்து ஊர் நீள்கிறது. 2008-இல் மாநகராட்சியாகி, பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்தபின், சுமார் 13 சதுர கிலோமீட்டராக இருந்த எல்லை 90-ஐத் தாண்டிவிட்டது.

பழைய ஊர் இதற்கு நேர்மாறு. முத்துக்குளிப்பையும் தோணியையும் நம்பி வளர்ந்த கரை அது. பனிமய மாதா பேராலயத்தில் தொடங்கி மட்டக்கடை, திரேஸ்புரம் வரை வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். கடல், கோயில், கடை எல்லாம் நடை தூரம். 1876-இல் வந்த ரயில் பாதை இன்றும் ஊர் நடுவே ஓடுகிறது. கேட் மூடினால் இருபுறமும் வண்டிகள் முட்டிக்கொள்ளும். நெருக்கடி, நெருக்கடி என்கிறோமே, அதில் ஆட்களைவிட வண்டிகளின் பங்குதான் அதிகம்.

அப்படியானால் மாடி மேல் மாடி கட்டலாமா? கட்டலாம், இடம் பார்த்து. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் (2019) சாதாரணக் கட்டடத்துக்கு மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பை அனுமதிக்கின்றன. கட்டணம் செலுத்தினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்: 9 மீட்டர் சாலையில் 30 சதவீதம், 18 மீட்டர் முதல் 50 சதவீதம். இந்தக் கணக்கு சாலையின் அகலத்தைத்தான் பார்க்கிறது. அதில் பஸ் ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. ஓட்டை அங்கேதான். பழைய பேருந்து நிலையத்துக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட பஸ் தடங்களை ஒட்டி மாடிகள் உயர்ந்தால், பஸ்ஸுக்கு ஆள் கிடைக்கும், ஆளுக்கு பஸ் கிடைக்கும்.

புறநகரில் இரண்டுமே இல்லை. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் பஸ்ஸே எட்டிப் பார்க்காத நகரில் குடியிருப்பவர் ஷேர் ஆட்டோவுக்குத்தான் காசு எடுத்து வைக்க வேண்டும். 2025-இல் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே வந்தது. மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பஸ்ஸை மட்டுமல்ல, நிலத்தையும் பார்க்க வேண்டும். தாழ்வான நிலத்தில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 மழை காட்டிவிட்டது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடியின் பள்ளமான நகர்களில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை.

மனை பார்க்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த டிசம்பரில் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது? கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு?