தலைக்கவசத்துக்குள் ஒரு பேச்சுத்துணை

மணாலியிலிருந்து லேவுக்குச் செல்லும் மலைச்சாலையில், கைப்பேசி சிக்னல் நெடுந்தொலைவுக்குக் கிடைக்காத இடங்களிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டே செல்ல முடிவதற்குக் காரணம், கோபுரத்தை நாடாமல் ஒரு தலைக்கவசத்திலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக ரேடியோ அலைகளை அனுப்பும் இன்டர்காம் கருவியே ஆகும். இவற்றுள் புளூடூத் வகை, ஓட்டிகளைச் சங்கிலிக் கண்ணிகள்போல் வரிசையாக இணைப்பதால், நடுவில் செல்பவர் பெட்ரோல் போட நின்றுவிட்டால் அவருக்குப் பின்னால் உள்ளோரின் தொடர்பும் அறுந்துபோகக்கூடும். மெஷ் எனப்படும் வலைப்பின்னல் வகையிலோ, ஒவ்வொரு கருவியும் அருகிலுள்ளவற்றுக்குப் பேச்சைக் கடத்துவதால், ஒருவர் விலகினாலும் எஞ்சியோர் எட்டும் தொலைவில் இருக்கும்வரை அது வேறு வழியில் சென்று சேரும். இருவர் மட்டும் செல்லும் பயணத்துக்கு மெஷ் பெரும்பாலும் வீண்செலவே. பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொலைவு வெட்டவெளியில் எட்டக்கூடிய உச்ச அளவேயன்றி, கொண்டை ஊசி வளைவுகளில் கிடைப்பதன்று. ஐ.பி.67 என்னும் குறியீடு, தூசி புகாமையையும், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் திறனையும் குறிக்கிறது. கடுங்குளிரில் லித்தியம் பேட்டரி விரைவில் இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவையனைத்தையும்விட முதன்மையானது ஸ்பீக்கரின் இருப்பிடமாகும்; அது காதுத்துளைக்கு நேராக அமையாவிட்டால், விலையுயர்ந்த கருவியும் காற்றிரைச்சலில் முணுமுணுக்கவே செய்யும். ஆகவே, கடைக்குச் செல்வோர் தம் தலைக்கவசத்தையும் கையோடு எடுத்துச் சென்று, பொருத்திப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.