ஆப்பிரிக்கத் தரைவழிக் குழுப் பயணம்

ஆப்பிரிக்கத் தரைவழிக் குழுப் பயணம் என்பது, முன் அறிமுகமற்ற பலர் ஒரே சரக்குந்தில் இணைந்து, கூடாரங்களில் தங்கி, தாமே சமைத்துண்டு, ஆப்பிரிக்காவின் பாலைவனங்களையும் காட்டுயிர்ப் பகுதிகளையும் கடக்கும் நெடும்பயண முறையாகும். தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் தொடங்கி, நமீபியா, போட்சுவானா ஆகிய நாடுகளின் ஊடாகச் சென்று, சிம்பாப்வேயின் விக்டோரியா அருவியில் முடியும் வழித்தடம் இவற்றுள் நன்கு அறியப்பட்டதாகும். இதனைக் கடக்கப் பொதுவாக மூன்று வாரங்கள் ஆகும். இத்தடத்தின் பெரும்பகுதி நமீபு, கலகாரி ஆகிய வறண்ட நிலங்களில் அமைந்துள்ளது. ஆகவே எங்கே தங்குவது, எந்த மாதத்தில் செல்வது, விலங்குகளை எங்கே காண்பது என்பவற்றைப் பெரிதும் நீரே முடிவு செய்கின்றது.

வரலாறு

1874 முதல், டிரான்சுவால் பகுதியைச் சேர்ந்த போயர் குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் கலகாரியைக் கடந்து அங்கோலா நோக்கிச் சென்றன. இப்பெயர்ச்சி, தாகநிலம் எனப் பொருள்படும் டோர்ஸ்லாண்ட் என்னும் பெயரால் அறியப்படுகின்றது. பெருங்கூட்டமாகச் சென்ற குழுவினருக்கும் அவர்களது மாடுகளுக்கும் வழியிலிருந்த ஊற்றுகள் போதவில்லை. தாகத்தாலும் மலேரியாவாலும் பலர் இறந்தனர். எஞ்சியோர் 1881இன் தொடக்கத்தில் அங்கோலாவின் உம்பாட்டாவில் குடியேறினர்.

1924 செப்டம்பரில் கேப் டவுனிலிருந்து புறப்பட்ட கோர்ட் டிரீட் குழுவினர், 1926 சனவரியில் கெய்ரோவை அடைந்தனர். கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை மோட்டார் வண்டியில் நிறைவேறிய முதற் பயணம் இதுவாகும். 1960களிலும் 1970களிலும் பழைய இராணுவச் சரக்குந்துகளைக் கொண்டு வணிக முறைப் பயணங்கள் தொடங்கின. 1990இல் நமீபியா விடுதலை பெற்றதும், 1994இல் தென்னாபிரிக்காவில் நிறவொதுக்கல் ஆட்சி முடிவுற்றதும் கேப் டவுன் - விக்டோரியா அருவித் தடம் பரவலாக உதவின.

வண்டியும் குழுவும்

சரக்குந்தின் பின்பகுதி ஏறத்தாழ 20 முதல் 28 பேர் அமரும் வகையில் மாற்றியமைக்கப்பட்டிருக்கும். குடிநீர்த் தொட்டி, சமையற் கருவிகள், கூடாரங்கள், மண்வெட்டி, மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் இடும் உலோகத் தகடுகள் ஆகியன வண்டியிலேயே இருக்கும். ஓட்டுநரும் வழிகாட்டியும் உடன் செல்வர். காய்கறி நறுக்குதல், பாத்திரம் கழுவுதல், வண்டியைத் துப்புரவு செய்தல் போன்றவற்றைப் பயணிகள் முறைவைத்துச் செய்வர். அடுத்த நீர்நிரப்பும் இடம் ஒரு நாள் தொலைவில் இருக்கக்கூடும் என்பதால், ஒருவர் வீணாக்கும் நீர் அனைவரையும் பாதிக்கும்.

மென்மணலில் செல்லும்போது சக்கரங்களின் காற்றழுத்தம் குறைக்கப்படும். இதனால் சக்கரம் தரையைத் தொடும் பரப்புக் கூடி, சம பரப்பின் மீது விழும் எடை குறைவதால் வண்டி எளிதில் புதைவதில்லை. திண்ணிய சாலையை அடைந்ததும் மீண்டும் காற்று நிரப்பப்படும்.

வழித்தடம்

நமீபு பாலைவனம்

ஒரேஞ்சு ஆற்றைக் கடந்து நமீபியாவினுள் நுழையும் குழுக்கள், ஏறத்தாழ 160 கி.மீ. நீளமுடைய ஃபிஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கண்டபின் செஸ்ரியம் என்னுமிடத்தை அடைகின்றன. இப்பெயர் ஆப்பிரிக்கான மொழியில் 'ஆறு தோல்வார்கள்' எனப் பொருள்படும். அங்குள்ள குறுகிய பள்ளத்தாக்கின் அடியிலிருந்து நீர் இறைக்க, முற்காலப் பயணிகள் ஆறு தோல்வார்களை முடிச்சிட்டுப் பயன்படுத்தினர் என்பர்.

செஸ்ரியத்திலிருந்து சோசுசுவ்லெய் மணற்குன்றுகளுக்குச் செல்லும் பாதையின் கடைசி 5 கி.மீ. ஆழ்மணலாகும். எனவே பயணிகள் நாற்சக்கர உந்து வண்டிகளுக்கு மாறுவர். அருகிலுள்ள டெட்வ்லெய் களிமண் தளத்தில், மணற்குன்றுகள் ஆற்றுநீரைத் தடுத்ததால் பல நூற்றாண்டுகளுக்கு முன் பட்டுப்போன மரங்கள் இன்றும் நிற்கின்றன. மக்குவதற்குப் போதிய ஈரம் இல்லாமையே இதற்குக் காரணம். கரையோரத்தில் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் மூடுபனி உருவாகின்றது. சில வண்டினங்கள் மணற்குன்றின் முகட்டில் தலைகீழாகச் சாய்ந்து நின்று, தம் முதுகில் படிந்து வாய்க்கு வழியும் பனித்துளிகளைப் பருகுகின்றன.

எத்தோசா

1907இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட எத்தோசா, தற்போது ஏறத்தாழ 22,270 சதுர கி.மீ. பரப்புடைய தேசியப் பூங்காவாகும். இதன் நடுவே பெரும்பாலும் வறண்டு கிடக்கும் பரந்த உப்புத் தளம் உள்ளது. மே முதல் அக்டோபர் வரையிலான வறட்சிக் காலத்தில் யானை, சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி முதலியன ஊற்றுகளையும் ஆழ்துளைக் கிணற்று நீர்நிலைகளையும் நாடி வருவதால், அவற்றின் அருகே காத்திருந்தாலே அவற்றைக் காண இயலும். வேலியிட்ட முகாம்களுக்கு வெளியே வண்டியிலிருந்து இறங்கலாகாது. சூரியன் மறையுமுன் முகாமினுள் திரும்பிவிட வேண்டும். ஒகவுகுவேயோ முகாமில் விளக்கொளியூட்டப்பட்ட நீர்நிலைக்கு இரவில் கருப்புக் காண்டாமிருகங்கள் வருவதுண்டு.

ஒக்கவாங்கோ, சோபே

அங்கோலாவின் மேட்டுநிலங்களில் பெய்யும் மழைநீர், ஒக்கவாங்கோ ஆற்றின் வழியே பல மாதங்கள் மெல்ல நகர்ந்து போட்சுவானாவை அடைகின்றது. கடலைச் சேராத இவ்வாற்றின் கழிமுகம், உள்ளூரில் மழையற்ற சூன் முதல் ஆகத்து வரையிலான காலத்திலேயே பெரிதாக விரிகின்றது. இங்குப் பயணிகள் சரக்குந்தை விட்டு, மொகோரோ எனப்படும் ஒடுக்கமான ஓடங்களில் செல்கின்றனர். உள்ளூர் மக்கள் நீண்ட கழியால் இவற்றைச் செலுத்துவர். மரங்களைக் காக்கும் பொருட்டு, தற்போது கண்ணாடியிழை ஓடங்களும் பயன்படுகின்றன. அடுத்து வரும் சோபே தேசியப் பூங்கா யானைகளுக்குப் பெயர்பெற்றது. பயணம் 1,708 மீட்டர் அகலமும் 108 மீட்டர் உயரமும் கொண்ட விக்டோரியா அருவியில் நிறைவுறும்.

இத்தடத்தின் வடபகுதிகளில் மலேரியா இருப்பதால் தடுப்பு மருந்து பரிந்துரைக்கப்படுகின்றது.

கால்நடை நோய்த் தடுப்பு வேலிகள்

கோமாரி நோய் பரவாதிருக்க நமீபியாவிலும் போட்சுவானாவிலும் நெடிய வேலிகள் அமைக்கப்பட்டுள்ளன. நோயுள்ள பகுதியிலிருந்து நோயற்ற பகுதிக்குப் பச்சை இறைச்சியைக் கொண்டுசெல்ல இயலாது. சோதனைச் சாவடிகளில் காலணிகளையும் சக்கரங்களையும் கிருமிநாசினியில் நனைக்க வேண்டியிருக்கும். எனவே குழுவின் உணவுத் திட்டம் வேலிகளைக் கருத்திற்கொண்டு வகுக்கப்படுகின்றது.

பயணிகளுக்குச் சிறு இடையூறாகும் இவ்வேலிகள் விலங்குகளுக்கு உயிர்ப்பிரச்சினையாகும். 1980களின் வறட்சியின்போது, நீர்நிலைகளுக்குச் செல்லும் பழைய வழிகள் வேலிகளால் அடைபட்டதால், போட்சுவானாவில் நூ எனப்படும் மான்கள் பல்லாயிரக்கணக்கில் இறந்தன. மறுபுறம், மாட்டிறைச்சி ஏற்றுமதியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இவ்வேலிகளே காப்பாக உள்ளன.

தாக்கங்கள்

நமீபின் சரளைச் சமவெளியில் பதியும் சக்கரத் தடங்கள் பல பத்தாண்டுகள் அழியாதிருக்கும். அங்கு வளரும் லைக்கன்களும் மிக மெதுவாகவே மீள்கின்றன. ஆதலால் வகுத்த பாதையை விட்டு வண்டி செலுத்துவது கடுங்குற்றமாகக் கருதப்படுகின்றது.

நமீபியாவில் 1996இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, பொதுநிலங்களில் வாழும் சமூகங்கள் காப்பகங்களை அமைத்து, காட்டுயிர்களால் வரும் வருவாயைத் தாமே பெறலாம். முதற் காப்பகங்கள் 1998இல் பதிவு செய்யப்பட்டன. பயிரை அழிக்கும் யானையையும் மாட்டைக் கொல்லும் சிங்கத்தையும் பொறுத்துக்கொள்ள இவ்வருவாய் ஒரு காரணமாக அமைகின்றது. 2020இல் கோவிட்-19 தொற்றால் பயணங்கள் நின்றபோது, இவ்வருவாயும் பெருமளவு நின்றது.

விலங்குகளின் பழைய வழிகளை மீட்பதை ஒரு நோக்கமாகக் கொண்டு அங்கோலா, போட்சுவானா, நமீபியா, சாம்பியா, சிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகள் 2011இல் காவாங்கோ-சாம்பேசி எல்லைகடந்த காப்புப் பகுதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பயணத் தடத்தின் வடபகுதி இக்காப்புப் பகுதியின் ஊடாகவே செல்கின்றது.