ஊசி முனையில் ஒளிந்திருக்கும் வைரஸ்: தெரியுமா?

வார்டு மேசையில் சிந்திக் காய்ந்துபோன ஒரு துளி ரத்தம். அதில் ஹெபடைடிஸ் பி வைரஸ் 7 நாள் வரை தொற்றும் திறனோடு இருக்கும், தெரியுமா?

நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் நர்ஸ்கள் முதலில் நினைத்து நடுங்குவது எய்ட்ஸைத்தான். ஆனால் எச்.ஐ.வி. நோயாளியின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 300-ல் 1. ஹெபடைடிஸ் பி நோயாளியின் ஊசி, தடுப்பூசி போடாத நர்ஸைக் குத்தினாலோ 100-க்கு 6 முதல் 30 வரை! அந்த நோயாளிக்கே தனக்குத் தொற்று இருப்பது தெரியாமல் இருக்கலாம். பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. அதனால்தான் எவருடைய ரத்தமானாலும் கையுறை வேண்டும் என்கிறார்கள்.

இந்த வைரஸ் பிடிபட்ட கதை இன்னும் ஆச்சரியம்! அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க் காமாலையைத் தேடிப் போகவே இல்லை. பல இன மக்களின் ரத்தத்தில் உள்ள வேறுபாடுகளை ஆராய்ந்தபோது, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுப் புரதம் ஒன்று தென்பட்டது. அது இந்த வைரஸின் மேலுறை! 1976-ல் அவருக்கு நோபல் பரிசு. அவர் பிறந்த ஜூலை 28-தான் உலக ஹெபடைடிஸ் தினம்.

1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசி எதிலிருந்து வந்தது தெரியுமா? தொற்று உள்ளவர்களின் ரத்தத்திலிருந்தே! 1986-ல் ரத்தத்துக்குப் பதில் ஈஸ்ட் நுண்ணுயிரிலிருந்து தடுப்பூசி தயாரிக்கும் முறை வந்தது. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தத் தடுப்பூசியை இந்தியாவிலேயே தயாரித்தது. கல்லீரல் புற்றுநோயையும் தடுக்கிற ஊசி இது! அமெரிக்க மருத்துவப் பணியாளர்களிடையே 1983-க்கும் 1995-க்கும் இடையில் இத்தொற்று 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்றால் பாருங்கள்.

ஆனால் 3 டோஸும் வேண்டும்: இன்று, 1 மாதத்தில், 6 மாதத்தில். டியூட்டி நெருக்கடியில் மறந்துபோவது அந்தக் கடைசி டோஸ்தான். அதன் பிறகு 1 முதல் 2 மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை. எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL-ஐத் தொட்டால்தான் பாதுகாப்பு உறுதி.

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டவே மாட்டாதீர்கள், நேராக வெள்ளை டப்பாவில் போடுங்கள். குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி போடாதவருக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி உண்டு. அதை 24 மணி நேரத்துக்குள் போட்டால் மிக நல்லது.

சிஸ்டர், உங்கள் மூன்றாவது டோஸ் எப்போது போட்டீர்கள்? இன்றே உங்கள் தடுப்பூசிக் கார்டைத் தேடி எடுத்துப் பாருங்கள்!