தனியா போனாலும் ரெண்டு பேர் காசு! 7 முறை க்ரூஸ் போன வெள்ளக்கடை அத்தையின் கப்பல் கணக்கு

ஏற்காடு மலையில் வெள்ளக்கடை. சுற்றிலும் காபி, மிளகு, சில்வர் ஓக் மரங்கள். கடலுக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்க சொந்தத்தில் யாருக்காவது க்ரூஸ் விளம்பரம் கண்ணில் பட்டால், முதல் போன் இங்கே இருக்கும் அத்தைக்குத்தான் போகும்.

அத்தைக்கு வயது 67. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இதுவரை 7 முறை சொகுசுக் கப்பலில் போயிருக்கிறார். மாமா இருந்தப்போ 4, அவர் 2018-ல் இறந்த பிறகு தனியா 3. இப்போ எட்டாவது பயணத்துக்கு மனசு கேட்குது. "இந்த வயசுல தனியா கப்பலா?" என்று சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் தடை போடுகிறார். பஞ்சாயத்து என்னிடம் வந்ததால்தான் இந்தக் கட்டுரை.

அந்த 'ட்வின் ஷேரிங்' என்ற சின்ன எழுத்து

க்ரூஸ் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு விலை இருக்கும். கீழே, ஜூம் பண்ணினால்தான் தெரியும் அளவில், 'ஒரு நபருக்கு, ட்வின் ஷேரிங்' என்று இருக்கும். அதாவது, ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் தலைக்கு இவ்வளவு. தனியாகப் போனால்? காலியாக இருக்கும் இரண்டாவது படுக்கைக்கும் நீங்களே காசு கட்டணும். இதற்குப் பெயர் சிங்கிள் சப்ளிமென்ட். நிறுவனத்தையும் சீசனையும் பொறுத்து இது மாறும். பல நேரங்களில் முழுசா இன்னொரு ஆள் கட்டணமே வந்துவிடும்.

காரணம் எளிது. கப்பலுக்கு வருமானம் டிக்கெட்டில் மட்டும் வருவதில்லை. மதுபானம், கேசினோ, ஸ்பா, கடைகள், கரையில் சுற்றிக்காட்டும் டூர் என்று ஏறிய பிறகு நீங்கள் செலவு செய்வதிலும் வருகிறது. காலிப் படுக்கை எதையும் வாங்காது. அந்த நஷ்டத்தை உங்களிடமே முன்கூட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகக் குழந்தைகளைச் சேர்த்தால் பெரும்பாலும் விலை குறையும்.

"மாமா இருந்தப்போ இதெல்லாம் கண்ணுலயே படலை கண்ணு. அவர் போனதுக்கு அப்புறம் முதல் தடவை புக் பண்றப்பதான் தெரிஞ்சுது. அவர் இல்லைங்கிறதுக்கும் ஒரு பில்லு போடுறாங்க" என்றார் அத்தை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

தனி ஆளுக்கென்றே சின்ன கேபின்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. 2010-ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் அப்படி 128 ஸ்டுடியோ அறைகள் வைத்தார்கள். அதன் பிறகு வேறு சில நிறுவனங்களும் கொண்டுவந்தன. நம்ம பக்கம் கண்ணில் படும் விளம்பரங்களில் இன்னும் ட்வின் ஷேரிங் ராஜ்ஜியம்தான்.

டிக்கெட்டுக்கு மேலே துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ் எல்லாம் தனி. டிப்ஸ் என்பது நீங்களாகப் பார்த்துக் கொடுப்பது என்று நினைக்காதீங்க. பல கப்பல்களில் ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிலேயே ஏறிவிடும். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம்.

நம்ம ஊருக்குக் கப்பல் வந்த கதை

தமிழர்களுக்குக் கப்பல் பயணம் புதுசு இல்லை. ரஜூலா கப்பல் 1926 முதல் 1970-கள் வரை சென்னை, நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆட்களை ஏற்றிப் போனது. பெரும்பாலானோர் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். அதன் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம், 1985 தீ விபத்தோடு ஓய்ந்தது. அது பிழைக்கப் போன பயணம். காசு கொடுத்து, எங்கேயும் போகாமல், கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு அதே துறைமுகத்தில் இறங்குவது அந்தத் தலைமுறைக்குப் புரிந்திருக்காது.

அத்தையின் முதல் க்ரூஸ் 2008-ல், சிங்கப்பூரில் இருந்து சூப்பர்ஸ்டார் வர்கோ கப்பலில். அப்போ க்ரூஸ் என்றால் முதலில் சிங்கப்பூருக்கு விமானம் ஏறணும். 2022 ஜூன் 4-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து கார்டிலியாவின் எம்ப்ரஸ் கப்பலை சென்னையில் இருந்து அனுப்பி வைத்த பிறகு நிலைமை மாறியது. சேலத்தில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியற்காலை சென்ட்ரல். (பெயர்தான் ஏற்காடு எக்ஸ்பிரஸ், மலை ஏறாது.) அங்கிருந்து துறைமுகம் ஆட்டோ தூரம்.

அந்தத் தொடக்கத்திலேயே ஒரு பாடமும் கிடைத்தது. பயணத் திட்டத்தில் புதுச்சேரி இருந்தது. ஆனால் எதிர்ப்புகள் கிளம்ப, அங்கே அனுமதி கிடைக்கவில்லை. புயல், அலை, அரசு அனுமதி என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு ஊரை விட்டுவிட்டுப் போகும் உரிமை கப்பலுக்கு உண்டு. டிக்கெட் விதிகளில் அது எழுதியே இருக்கும். டூரை ஆன்லைனில் தனியாக புக் பண்ணி வைத்திருந்தால் அந்தக் காசு உங்கள் தலையில். 2023 ஜூனில் இதே எம்ப்ரஸ் இலங்கைக்கும் போய் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நின்றது. கப்பல் ஆண்டு முழுக்க சென்னையிலேயே நிற்காது. சீசன் பார்த்து மும்பை பக்கம் போய்விடும் என்பதால் தேதியைப் பார்த்து புக் பண்ணுங்க.

20 கொண்டை ஊசி வளைவு தாங்கினால் கடல் தாங்குமா?

அத்தையிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, "வாந்தி வருமா?" சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மோந்துகிட்டே வருபவர்களை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்.

இரண்டும் ஒரே வியாதிதான். உள்காது 'ஆடுகிறோம்' என்கிறது, எதிரே இருக்கும் சுவரைப் பார்க்கும் கண் 'இல்லையே' என்கிறது. மூளை குழம்புகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்தைப் பார்ப்பது போல, கப்பலில் டெக்குக்கு வந்து அடிவானத்தைப் பார்த்தால் தணியும். கேபின் எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுத்தால் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். அவோமின் மாதிரி மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரும். வயசானவர்கள், வேறு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

மகன் ஏன் பயப்படுகிறார்?

ஒரு வெளிநாட்டுப் பயணத்தில் (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்) அத்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. கப்பலில் மருத்துவ மையம் இருந்தது, டாக்டர் பார்த்தார், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பில் நேராக அறைக் கணக்கில் ஏறியது. டிக்கெட் விலையில் பாதிக்கும் மேல். 'மூணு நாள்தானே' என்று அத்தை டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. இங்கே வைத்திருந்த மெடிக்ளெய்ம் பாலிசி இந்தியாவில் எடுக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான்.

பில்லை விட அவரை உலுக்கியது வேறு. வயிற்றுப்போக்கு என்றால் தொற்று பரவும் என்பதால் அறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்றார்கள். நியாயமான விதிதான். நோரோ வைரஸ் மாதிரி கிருமிகள் கப்பலுக்குள் வேகமாகப் பரவும். ஆனால் காசு மிச்சம் பிடிக்க அவர் எடுத்திருந்தது ஜன்னல் இல்லாத உள் கேபின். "பகலா ராத்திரியான்னே தெரியலை. ரெண்டு நாள். அப்பதான் மாமா ஞாபகம் ரொம்ப வந்துச்சு."

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நினைத்துப் பாருங்க. 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா. உள்ளே 138 இந்தியர்கள் இருந்தார்கள், அதில் 132 பேர் ஊழியர்கள். பயணிகள் கேபினுக்குள் அடைந்து கிடந்தபோது சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஊழியர்கள்தான்.

அதனால் இன்சூரன்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கும், கப்பலில் இருந்து அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோவதற்கும் கவர் உண்டா, வயது வரம்பு என்ன என்று பாருங்க. தினசரி மாத்திரையைக் கைப்பையில் வையுங்க. துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகலாம். கர்ப்பிணிகளை 24 வாரத்துக்கு மேல் பல நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. வெந்நீர் கெட்டில், அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போனால் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். அத்தையின் கெட்டிலுக்கும் அதே கதி. கப்பல் கரையை விட்டதும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்க. இல்லையென்றால் கடல்வழி சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு ரோமிங் காசு எகிறும்.

விசாவில் ஒரு பொறி உண்டு. சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்விட்டுத் திரும்பினால், சிங்கப்பூருக்குள் நீங்கள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது.

இப்போ யாரும் பேசிக்கிறதில்லை

2008-க்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கப்பலின் அளவைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வர்கோ சுமார் 75 ஆயிரம் டன். 2024-ல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் கிட்டத்தட்ட 2.5 லட்சம். (இந்த டன் எடை அல்ல, கப்பலின் உள் கொள்ளளவு.) 1990-ல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய நம்ம எம்ப்ரஸ் 50 ஆயிரத்துக்கும் கீழே.

அத்தை சொன்னது அது இல்லை. பாதுகாப்புப் பயிற்சியைச் சொன்னார். ஆபத்து என்றால் எங்கே கூடணும் என்று காட்டும் பயிற்சி இது. 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். புதிதாக ஏறியவர்களுக்கு அப்போது பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயம் என்று சர்வதேச விதி மாறியது. முன்பெல்லாம் எல்லோரும் டெக்கில் வரிசையாக நிற்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் கார்டை ஸ்கேன் பண்ணினால் முடிந்தது.

"எனக்குக் கப்பல்ல கிடைச்ச சிநேகிதமெல்லாம் அந்த வரிசையில கிடைச்சதுதான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டத் தெரியாம ஒருத்தருக்கு ஒருத்தர் கட்டிவிடுவோம்" என்கிறார். நிகழ்ச்சி நிரல் கதவிடுக்கில் தாளாக வரும். இப்போது ஆப்பில் வருகிறது. மெனு க்யூஆர் கோடில். ஜோடியாகப் போகிறவர்களுக்கு இது வசதி. தனியாகப் போகிற 67 வயது பெண்மணிக்கு?

பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்று கேட்பீங்க. மகன் மூன்று நிபந்தனை போட்டார்: இன்சூரன்ஸ், ஜன்னல் வைத்த கேபின், கூட ஒரு ஆள். அத்தையோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த சேலம் டீச்சர் ஒருவர் வரச் சம்மதித்துவிட்டார். சிங்கிள் சப்ளிமென்ட் மிச்சம். அந்தக் காசில்தான் ஜன்னல். டீச்சர் குறட்டை விடுவாராம். கெட்டிலை அடித்துவிட்டு, அத்தை தன் லக்கேஜ் லிஸ்ட்டில் காதில் வைக்கப் பஞ்சு சேர்த்திருக்கிறார்.