திருகோணமலைக்கு வரும் நீலத்திமிங்கிலங்களும் சூடாகும் கடலும்

பங்குனி, சித்திரை மாதங்களில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்து கடலைப் பார்த்தால், சில நாட்களில் தூரத்தே வெண்புகை போல ஒன்று எழும்பி மறையும். நீலத்திமிங்கிலம் மூச்சு விடுகிறது. உலகின் மிகப் பெரிய விலங்கைக் கரையில் நின்றபடியே காணக் கிடைப்பதற்குக் காரணம், மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடாவிலேயே தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்கும் பள்ளத்தாக்கு.

மற்றச் சமுத்திரங்களின் நீலத்திமிங்கிலங்கள் பெரும்பாலும் கோடையில் துருவக் கடலுக்குப் போய் இரை தேடுகின்றன. வட இந்து சமுத்திரத்தில் இருப்பவற்றுக்கு வடக்கே வழியில்லை, ஆசியக் கண்டம் மறிக்கிறது. ஆகவே இவற்றுக்குப் பருவக்காற்றுத்தான் நாட்காட்டி. சோளகம் வீசும்போது சோமாலியா, ஓமான் கரைகளில் குளிர்ந்த ஆழ்நீர் சத்துகளோடு மேலே வருகிறது. நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னும் சிற்றுயிர்களும் பெருகுகின்றன. காற்று தணிந்தபின் திமிங்கிலங்களில் ஒரு பகுதி மாலைதீவு வழியாக இலங்கைப் பக்கம் வருகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இங்கே அவை பெரும்பாலும் உண்பது கூனி இறால் போன்ற சிறிய இறால்களை.

இந்தச் சங்கிலியின் முதற் கண்ணியைத்தான் வெப்பம் தாக்குகிறது. மத்தியான வெயிலில் குளத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும்: மேலே சுடுநீர், காலடியில் குளிர். சூடான நீர் இலேசானது, கீழுள்ளதோடு இலகுவில் கலக்காது. கடலிலும் அப்படித்தான், சத்து கீழேயே தங்கிவிடுகிறது. மேற்கு இந்து சமுத்திரத்தில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி 20 வீதம் வரை குறைந்திருப்பதாகப் புனேயைச் சேர்ந்த ரொக்ஸி மத்தியூ கொல் குழுவினர் 2016இல் எழுதினர். இரை குறைந்தால் திமிங்கிலம் வரும் காலமும் வழியும் மாறலாம்.

மாறுகிறதா என்று அறியப் பழைய பதிவு வேண்டும். என்னை உறுத்துவது இதுதான். 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக் கடலில் இவற்றை ஆராயத் தொடங்கினர். போர் வந்தது, அவர்கள் போய்விட்டார்கள். கடல்வலயத் தடையால் எங்கள் கடற்றொழிலாளிகளும் ஆழக்கடலுக்குப் போக முடியாத ஆண்டுகள் எத்தனை! அறிவியலாளரின் குறிப்பேட்டிலும் மீனவரின் ஞாபகத்திலும் ஒரே காலத்தில் ஓட்டை விழுந்தது.

2009க்குப் பின் உப்புவெளி, நிலாவெளியிலிருந்து திமிங்கிலம் காட்டப் படகுகள் போகின்றன. பல குடும்பங்களுக்கு அது மீன்பிடியோடு சேர்ந்த வருமானம். அந்தப் படகோட்டிகள் கண்ட திகதியையும் இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தாலே ஆய்வுக்கு உதவும். நீலத்திமிங்கிலத்தின் உடலிலுள்ள திட்டுகள் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறுபடுபவை. பக்கவாட்டில் எடுத்த தெளிவான படமொன்று இருந்தால், சென்ற வருடம் வந்த அதே விலங்குதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.